வால்களும் ஒரு புரட்டாதிக் காகமும்

என் கமராவுக்குள் வால்கள் நிறைய இருக்கின்றன. புலுனியின் வால், கொண்டைக்குருவியின் வால், செண்பகத்தின் வால், மாம்பழத்தியின் மஞ்சள் வாலில் பாதி. வால்கூட இல்லாமல் வெறும் கொப்பு மட்டும் நிற்கும் படங்களும் உண்டு. குருவி அந்தக் கொப்பில்தான் இருந்தது. நான் அழுத்தினேன், அது போய்விட்டது, கொப்பு படமாகிவிட்டது. பார்க்கிறவர்கள் நல்ல முருங்கைக் கொப்பு என்கிறார்கள்.

முப்பத்திரண்டு வருடம் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவள் நான். என் மேசைக்கு வந்த எந்தக் கோப்பும் பறந்து போனதில்லை. வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தாலும் அங்கேயே இருக்கும். அப்படிப் பழகிய கையை வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் வேலை செய் என்றால் அது எப்படிச் செய்யும்? ஆனால் இதை நான் ஒருவருக்கும் சொல்வதில்லை. குருவிகளில்தான் பிழை என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

கமரா என் தம்பியுடையது. அவன் கனடாவில் இருக்கிறான். போன வருடம் மூன்று கிழமை உடுவிலில் எங்கள் வீட்டில் வந்து நின்றான். வந்த மூன்றாம் நாள் காலை, பல்லுக்கூடத் தீட்டாமல் செவ்வரத்தைப் பற்றையடியில் போய் நின்று, தேன்சிட்டு ஒன்று பூவுக்கு முன்னால் செட்டையடித்துக்கொண்டு நிற்பதை ஒரே அமுக்கில் எடுத்துவிட்டான். அலகு, கண், இரண்டு செட்டை, வால், எல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தன. அதைப் பார்த்த நேரம் எனக்கும் ஆசை பிடித்தது. போகும்போது புதியது வாங்கப்போகிறேன் என்று சொல்லி அந்தக் கமராவை எனக்கே தந்துவிட்டுப் போனான். அதோடு வாயை மூடிக்கொண்டு விமானம் ஏறியிருக்கலாம். வாயை மூடவில்லை.

"அக்கா, பறக்கிற குருவியெல்லாம் உங்களாலை ஏலாது. பூவை எடுங்கோ. அது ஓடாது."

சின்ன வயதில் அவனுக்கு மூக்குத் துடைத்து விட்டவள் நான். அன்று மத்தியானமே முடிவெடுத்தேன், அலகு முதல் வால் வரை முழுதாக, செட்டை விரித்துப் பறக்கும் ஒரு பறவையை எடுத்து அவனுக்கு அனுப்பாமல் விடுவதில்லை என்று. ஒன்று போதும். அதற்குப் பிறகு பூவோ புடலங்காயோ எதையும் எடுக்கலாம்.

ஒரு வருடம் வளவுக்குள்ளேயே கிடந்தேன். எங்கள் வளவு பெரியதில்லை. ஒரு கிணறு, இரண்டு மாமரம், முருங்கை, தேசி, கொஞ்சம் வாழை, வேலிக்கரையில் பூவரசு. ஆனால் காலை ஆறு மணிக்குச் சந்தை கூடுவதுபோல எல்லாக் குருவிகளும் கூடும். நானும் படிக்கத்தான் செய்தேன். புலுனிகள் ஒன்றின் பின் ஒன்றாகவே பறக்கும், முதலாவது போன வழியில்தான் இரண்டாவதும் போகும், ஆகவே முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதுக்குக் காத்திருக்க வேண்டும். கரிக்குருவி பூச்சி பிடித்துவிட்டுப் பழைய கொப்புக்கே திரும்பி வரும். பறக்கப்போகிற குருவி அனேகமாக முதலில் எச்சம் போடும். இந்தக் கடைசி விஷயத்தை நானே கண்டுபிடித்தேன், அதில் எனக்குப் பெருமையும் உண்டு. எச்சம் விழுந்த கணத்தில் அழுத்த வேண்டும். நான் அழுத்தினேன். எச்சம் அழகாக வந்தது. குருவி வரவில்லை.

என் கணவர் இதெல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோட்டக்காரர். வீட்டுக்குப் பின்னால் ஒழுங்கையைத் தாண்டினால் எங்கள் தோட்டம். வெங்காயமும் கத்தரியும் கச்சான் கடலையும் மாறி மாறி வைப்பார். அதிகம் கதைக்கமாட்டார். தோட்டத்தால் வந்து, நான் முருங்கையடியில் கதிரை போட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டால், இன்றைக்கு எத்தனை வால் என்று கேட்பார். அவ்வளவுதான். தேத்தண்ணி எங்கே என்று கேட்கமாட்டார், தானே போய்ப் போட்டு எனக்கும் ஒன்று கொண்டுவந்து தருவார். நல்ல மனிதர். அதனால்தான் நான் செய்த வேலை இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

புரட்டாதிச் சனி நாலும் அவர் விரதம். காலையில் ஒன்றும் சாப்பிடமாட்டார். தோட்டத்தால் வந்து கிணற்றில் முழுகி, திருநீறு பூசி, வாழையிலைத் துண்டில் சோறும் கறியும் கொஞ்சம் எள்ளும் வைத்துக் காகத்துக்குக் கொடுப்பார். காகம் எடுத்த பிறகுதான் அவர் இலையில் கை வைப்பார். எடுக்கும் வரைக்கும் பச்சைத் தண்ணீர் மட்டும். இது எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் உள்ள வழக்கம்தான். ஆனால் மற்ற வீடுகளில் காகம் கொஞ்சம் பிந்தினால் பசித்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டுவிடுவார்கள். இவர் அப்படியில்லை. அதுவும் மாமி போன பிறகு இன்னும் கூடிவிட்டது. இவருடைய தாய் இரண்டு வருடத்துக்கு முன்னர் இந்த வீட்டில்தான் கண்ணை மூடினார். அதுவரை காகத்துக்கு வைத்தது மாமிதான். இப்போது இவர் வைக்கிறார். மற்றவர்களுக்குக் காகம் சனீஸ்வரனின் வாகனம். இவருக்கு அது தாயும்கூட. வாய் திறந்து சொன்னதில்லை, ஆனால் காகம் சோறெடுக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தால் விளங்கும்.

இதோடு அவருக்குச் சீனி வருத்தமும் இருக்கிறது. விரத நாளென்றாலும் மத்தியானம் பன்னிரண்டரைக்குள் சாப்பிட்டுக் குளிசை போட்டுவிட வேண்டும் என்பது டொக்டரின் கட்டளை. இதுவரை அதில் பிரச்சினை வந்ததில்லை. மாமியின் காலத்துக் காகங்கள் மணிக்கூடு பார்த்து வருகிறவை. பன்னிரண்டு அடிக்க முன்னமே மாமரத்தில் இருந்து கழுத்தைச் சரித்துச் சரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்.

போன புரட்டாதி பிறக்கப்போகும் நேரம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஒரு வருடமாக எந்தக் குருவி எப்போது எங்கே பறக்கும் என்று தெரியாமல் தவிக்கிறேன். சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் செட்டையை முழுதாக விரித்துக்கொண்டு இறங்குகிற பறவை ஒன்று வீட்டிலேயே இருக்கிறது. காகம் அழகில்லையா? கறுப்புத்தான். ஆனால் பறக்கிறது. தம்பி பறக்கிற பறவை என்றுதான் சொன்னான், நிறம் சொல்லவில்லை.

ஒரு தடை இருந்தது. இவர் சோறு வைப்பது கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல்லில். அதற்கு மேலே மாமரம். ஒரே நிழல். கறுப்புக் காகத்தை நிழலில் எடுத்தால் கரிக்கட்டி மாதிரித்தான் வரும். விறகுக் கொட்டிலுக்கு நேரே உள்ள மதில் மூலையில் வெயில் நன்றாக விழும், பின்னால் வெறும் வானம். ஆகவே, முதற் சனிக்கு முதல் நாள், கல்லில் எறும்பு மொய்க்கிறது, காகத்துக்கு வைக்கிற சோற்றில் எறும்பு ஏறலாமா, மதிலில் வைத்தால் என்ன என்று இவரிடம் கேட்டேன். எறும்பு இருந்தது உண்மை. அது எந்தக் காலமும் இருக்கிறது. இவர் சரி என்றார். நான் சொன்னால் இவர் எப்போதும் சரி என்பார், அது எனக்கு அன்று வசதியாக இருந்தது.

விறகுக் கொட்டிலுக்குள் உட்காரப் பழைய மர வாங்கு ஒன்றைப் போட்டேன். ஆளைக் கண்டால் காகம் மிரளும் என்று கொட்டிலின் வாயை மறைக்க ஒரு சீலை தேடினேன். அலுமாரிக்குப் பின்னால் மாமியின் குடை ஒன்று நின்றது. கம்பியெல்லாம் முறிந்து நாள்பட்ட குடை. அதன் கறுப்புச் சீலையைக் கழற்றி, நடுவில் லென்ஸ் நுழையுமளவுக்கு ஓட்டை வெட்டி, மேற்பக்கத்தை மட்டும் கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டேன். கைத்தொலைபேசியில் பார்த்த வெள்ளைக்காரர்கள் இப்படித்தான் மறைந்திருந்து எடுக்கிறார்கள். எனக்கு என்மேலேயே மதிப்புக் கூடிப்போய்விட்டது.

முதற் சனி. சமைத்து இறக்கிவிட்டு, இவர் முழுகும் நேரம் பார்த்துக் கொட்டிலுக்குள் போய் இருந்துவிட்டேன். நான் படமெடுக்கப் போகிறேன் என்பது இவருக்குத் தெரியும், அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சோற்றை மதிலில் வைத்து, கா கா என்று கூப்பிட்டுவிட்டு, குசினிக்குள் தண்ணீர் குடிக்கப் போனார். ஒரு காகம் மாமரத்தை விட்டு இறங்கியது. வெயிலில் அதன் கழுத்துச் சாம்பல் நிறம்கூடத் தெரிந்தது. செட்டையை விரித்துக் கால் இரண்டையும் முன்னுக்கு நீட்டியது. என் விரல் அழுத்தப் போன கணத்தில் சோளகக் காற்று ஒரு வீச்சு வீசியது. குடைச்சீலை கீழிருந்து மேலாகப் படபடவென்று எழும்பி அடித்தது.

அந்தக் காகம் போட்ட சத்தத்தை நான் மறக்கமாட்டேன். அடுத்த நிமிடம் ஊரிலுள்ள காகமெல்லாம் எங்கள் வளவுக்கு மேலே வட்டமடித்துக் கத்தத் தொடங்கின. இவர் வெளியே ஓடி வந்து, பாம்பு கீம்பு வந்துவிட்டதோ என்று வேலியெல்லாம் பார்த்தார். நானும் கொட்டிலால் வெளியே வந்து அவரோடு சேர்ந்து பாம்பு தேடினேன். ஒரு மணித்தியாலம் கழித்து ஏதோ வழிப்போக்கன் காகம் ஒன்று வந்து ஒரு வாய் கொத்திவிட்டுப் போனது. இவர் சாப்பிட்டார். நான் படத்தைப் பார்த்தேன். ஒரு வால்.

இரண்டாம் சனி, சீலையின் கீழ்ப்பக்கத்தில் இரண்டு செங்கல் கட்டினேன். ஆனாலும் பக்கங்கள் ஆடின. காகங்கள் மாமரத்துக்கு வந்தன, இருந்தன, கொட்டில் பக்கம் பார்த்துக் கழுத்தைச் சரித்தன, ஏதோ தங்களுக்குள் கதைத்தன, எழும்பிப் போய்விட்டன. அணில் ஒன்று வந்து பாதிச் சோற்றைத் தின்றது. அணில் கணக்கில் இல்லை. இவர் பழைய இலையை எடுத்துவிட்டுப் புதிய இலையில் மறுபடி வைத்தார். இரண்டரை மணிக்கு ஒரு காகம் இலையோடு இழுத்துக்கொண்டு போனது. நான் அந்த நேரம் கண்ணயர்ந்து போய்விட்டேன். இவர் சாப்பிட உட்கார்ந்தபோது கை நடுங்கியது. எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும், படம் தவறிப்போன கவலைதான் அன்று அதைவிடக் கூடுதல்.

மூன்றாம் சனி காகமே வரவில்லை. பக்கத்து வீட்டு மதிலில் நாலைந்து காகம் நின்று சண்டை பிடித்துச் சாப்பிடுகின்றன, எங்கள் மதிலில் சோறு காய்கிறது. இவர் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. மூன்று மணி. நான் கொட்டிலை விட்டு வந்து, இனிக் காணும், விரதம் போதும், சாப்பிடுங்கோ என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. மூன்றரைக்கு வாசற்படியில் அப்படியே இருந்துவிட்டார். நெற்றியெல்லாம் வேர்வை. நான் பயந்துபோய்ச் சீனியைத் தண்ணீரில் கரைத்து, விரதமும் கிரதமும் என்று ஏசி, வாயில் வைத்துப் பருக்கினேன். குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மதிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மாவுக்கு என்னிலை ஏதோ கோவம் போலை," என்றார்.

அறுபத்துமூன்று வயது மனிதர், சின்னப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கிழமை முழுக்க ஒவ்வொரு கோயிலாகப் போய் எள்ளெண்ணெய் எரித்தார். சாத்திரியாரிடமும் போனார். சாத்திரியார் குறிப்பைப் பார்த்து, ஏழரைச் சனியின் கடைசிக் கூறு, கொஞ்சம் கவனமாக இருக்கச் சொன்னாராம். தாயின் கடைசி நாட்களில் தான் ஏதாவது குறை விட்டேனோ என்று இவர் என்னிடமே இரண்டு முறை கேட்டார். ஒரு குறையும் விடவில்லை, எனக்குத் தெரியும். நானும் பக்கத்தில் நின்றவள்தானே.

அதுவரைக்கும் காகங்கள் ஏன் வரவில்லை என்று எனக்கு உண்மையாகவே தெரியாது. ஆள் ஒளிந்திருப்பது பிடிக்கவில்லையாக்கும் என்றுதான் நினைத்தேன். புதன்கிழமை தோட்டத்துக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். கச்சான் போட்ட துண்டில் நாலைந்து தடி நட்டு, ஒவ்வொன்றிலும் கறுப்புப் பொலித்தீன் கட்டித் தொங்கவிட்டிருந்தார். காற்றுக்கு அவை படபடவென்று அடித்தன. தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே, இது எதற்கு என்று கேட்டேன்.

"காகம் விதையைக் கிளறாமலுக்கு," என்றார். "உதைக் கண்டா, தங்கடை ஆள் ஒண்டு செத்துத் தொங்குதெண்டு நினைக்கும். பிறகு அந்தப் பக்கமே வராது."

சொல்லிவிட்டுத் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். அவருக்கு ஒன்றும் பொறிதட்டவில்லை. எங்கள் விறகுக் கொட்டிலுக்குள் தொங்குவது என்ன என்பது அவர் நினைவிலேயே இல்லை. முப்பத்துநாலு வருடம் தோட்டக்காரன் பெண்சாதியாக இருந்தும் எனக்கு இது தெரியாமல் போயிற்றே என்று என்னையே நொந்துகொண்டேன். கந்தோரில் இருந்து தேய்ந்ததுதான் மிச்சம். அதே இடத்தில் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. சொன்னால் எறும்பு, மதில், குடை எல்லாம் சேர்ந்து வரும். ஒரு படத்துக்காகவா என்று அவர் கேட்டால் என்ன பதில் சொல்வேன்? வெறுங் கோப்பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சொல்லாமலே சரிக்கட்டிவிடலாம் என்றுதான் முதலில் பார்த்தேன். சீலையை அவிழ்த்து விறகுக்கு அடியில் செருகினேன். வியாழக்கிழமை மதிலில் சோறு வைத்தேன், வரவில்லை. பழைய கல்லில் வைத்தேன், வரவில்லை. வெள்ளிக்கிழமை உழுந்துவடை சுட்டு வைத்தேன். எந்தக் காகம் வடையை விடும்? மாமரத்தில் மூன்று காகம் இருந்து என்னைப் பார்த்துக் கத்தின. வடையைப் பார்த்துக் கத்தவில்லை, என்னைப் பார்த்துத்தான். நான் குசினிக்குள் போனால் கத்தல் நிற்கும். வெளியே தலை காட்டினால் தொடங்கும். கடைசியில் தெருநாய் ஒன்று வந்து வடையைத் தின்றது. காகம் ஆள் முகத்தை மறக்காது என்று சொல்வார்கள். நான் வேண்டாத ஆளாகிவிட்டேன். ஒழுங்கை முனையில் தபாற்காரனோடு கதைத்துக்கொண்டு நின்றபோதும் மின்கம்பத்தில் இருந்து ஒன்று ஏசியது.

நாலாம் சனி. அதுதான் கடைசி. இவர் முழுகிவிட்டு வந்து இலையில் சோறு வைத்தார். இந்த முறை எள்ளை அள்ளி அள்ளிப் போட்டார். கை வழக்கத்தைவிட மெதுவாக வேலை செய்தது. முதல் நாள் இரவும் சரியாகச் சாப்பிடவில்லை. இலையை ஏந்திக்கொண்டு மதிலை நோக்கிப் போனவரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் வராவிட்டால் இவர் வாழ்நாள் முழுவதும் தாய் தன்னோடு கோபம் என்று நினைத்துக்கொண்டே இருப்பார். அது என்னால் என்று எனக்கு மட்டும் தெரியும். என்னால் அதற்கு மேல் ஏலவில்லை. குறுக்கே போய் நின்றுகொண்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். எறும்பு வெறும் சாட்டு என்றேன். வெயிலுக்காகத்தான் மதில் என்றேன். சீலை பறந்ததை, காகங்கள் கத்தியதை, பாம்பு தேடியது நடிப்பு என்பதைச் சொன்னேன். விறகுக்கு அடியில் இருந்து குடைச்சீலையை இழுத்தெடுத்துக் காட்டினேன். கந்தோரில் மேலதிகாரி முன்னால்கூட நான் அப்படி நின்றதில்லை.

இவர் இலையைக் கல்லில் வைத்துவிட்டுச் சீலையை வாங்கிப் பார்த்தார். நடுவில் நான் வெட்டிய ஓட்டைக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார்.

"அப்ப அம்மாவுக்கு என்னிலை கோவமில்லை," என்றார்.

இல்லை என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இருந்தா உம்மிலைதான் இருக்கும். இந்தக் குடையை அவ ஒருத்தருக்கும் தொடக் குடுக்கமாட்டா."

அதைச் சொல்லும்போதே இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூன்று கிழமையாகக் காணாத சிரிப்பு. நான் அழுதுகொண்டிருக்கிறேன், இவர் சிரிக்கிறார், மாமரத்தில் இருந்து காகங்கள் என்னை ஏசுகின்றன.

"சனி விலகட்டுமெண்டு கோயில் கோயிலா எண்ணெய் எரிச்சன்," என்றார். "சனி இஞ்சை விறகுக் கொட்டிலுக்கை வாங்கு போட்டு இருந்திருக்கு."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் குசினிக்குள் போகச் சொன்னார். யன்னலால்கூட எட்டிப் பார்க்கக்கூடாது என்றார். காகங்களின் பகை என்னோடுதான், தன்னோடு இல்லையே என்பது அவருடைய வாதம். போகத் திரும்பியவளைக் கூப்பிட்டுக் கையை நீட்டினார்.

"கமராவையும் தந்திட்டுப் போம். ஒரு வருசமா உதோடை கிடந்து பாடுபடுறீர்."

எதை அமத்துவது என்று மட்டும் கேட்டார். நான் எல்லாவற்றையும் சரிசெய்து, கல்லுக்கு நேரே பிடித்து, காகம் இறங்கத் தொடங்கியதும் இந்தப் பொத்தானில் விரலை வைத்து எடுக்காமல் பிடியுங்கோ என்றேன். நிழல்தானே, அது சரிவராது என்று ஒரு வார்த்தை வாயில் வந்தது. நல்ல காலம், விழுங்கிவிட்டேன்.

குசினிக்குள் அடுப்புக்கு முன்னால் நின்றேன். கா கா என்று கூப்பிடும் சத்தம் இரண்டு முறை கேட்டது. கட்டிய தொண்டை இன்னும் திறக்கவில்லை. சட்டி மூடியைத் திறந்தேன், மூடினேன். சோறு ஆறுகிறது. மணி பன்னிரண்டு இருபது. எனக்குத் தெரிந்த தேவாரத்தில் பாதி வந்தது, மீதி மறந்துவிட்டது. பிறகு வெளியே கமரா கடகடவென்று அடிக்கத் தொடங்கியது. நிற்கவேயில்லை. விரலை எடுக்கச் சொல்லிக் கொடுக்க நான் மறந்துவிட்டேன். அது முடிந்து கொஞ்ச நேரம் கழித்து இவர் உள்ளே வந்து, கையைக் கழுவி, பாயில் உட்கார்ந்து, சோறு போடும் என்றார்.

மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். குளிசையையும் நேரத்துக்குப் போட்டார். அவர் சாப்பிட்டு முடியும் வரைக்கும் நான் கமராவைத் தொடவில்லை. தொட விரல் துடித்தது, அதுவும் உண்மை.

படங்களில் பெரும்பாலானவை கல்லும் கிணற்றுக் கட்டும் இவருடைய பெருவிரலின் ஓரமும். நடுவில் ஒன்று. அந்த நேரம் மாவிலைகளுக்கிடையால் ஒரு துண்டு வெயில் இறங்கியிருக்க வேண்டும். காகம் கல்லை விட்டு எழும்புகிறது. இரண்டு செட்டையும் முழுதாக விரிந்திருக்கின்றன, ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிகிறது, கறுப்புக்குள் நீலம் ஓடுகிறது. கண் கூராக இருக்கிறது. வால் இருக்கிறது, முழு வாலும். அலகு நிறையச் சோறு. சோற்றில் இருந்து நழுவிய ஒரு எள்ளு கீழே விழாமல் அந்தரத்தில் நிற்கிறது. நான் எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது. பொறாமை வரும் என்று நினைத்தேன். வந்தது, ஆனால் கொஞ்சம்தான்.

தம்பிக்கு அனுப்பினேன். ஒன்றும் எழுதாமல் படத்தை மட்டும். அங்கே விடிந்திருக்காது என்று நினைத்தேன், ஆனால் உடனேயே பதில் வந்துவிட்டது. அக்கா, இதை நீங்களோ எடுத்தனீங்கள், நம்பேலாமல் இருக்கு, தோத்துப்போனன் என்று எழுதியிருந்தான். தோத்துப்போனன் என்ற அந்தச் சொல்லுக்காகத்தான் நான் ஒரு வருடம் முருங்கையடியில் கிடந்தேன். அதை இரண்டு முறை வாசித்தேன். பாயில் சரிந்து கிடந்த இவருக்கும் வாசித்துக் காட்டினேன்.

"நீர் எடுத்ததெண்டே போடும்," என்றார் இவர், கண்ணைத் திறக்காமல். "ஆர் கேக்கப்போகினம்."

ஓம் என்று எழுதினேன். ஒரு சொல்தான். அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று சனியாக ஒரு மனிதரைப் பட்டினி போட்ட பெருமை அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது. அழித்தேன். இல்லை, அத்தான் எடுத்தது, என்னைக் கண்டால் இங்கே காகம் வராது என்று எழுதி, மனம் மாற முன்னம் அனுப்பிவிட்டேன். இவர் குறட்டை விடத் தொடங்கிவிட்டார். பிறகு கைத்தொலைபேசி சிணுங்கியது. அப்ப அத்தானுக்கும் ஒரு கமரா வாங்கி அனுப்பட்டோ என்று கேட்டிருந்தான்.

வேண்டாமடா தம்பி, ஒரு வீட்டுக்கு ஒரு சனி காணும் என்று எழுதினேன்.